டைம்லைன் ஸ்டக் ஆனால் நகையை அடகு வைக்காதீர்கள்

போன வாரம் கவுந்தப்பாடிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். வயது 23 இருக்கும். கல்யாண வீடியோ எடிட்டிங் ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே சி.பி.யூ.வை நிறுத்தி, துண்டைப் போட்டுக் கட்டிக்கொண்டு ஈரோடு வரைக்கும் ஓட்டி வந்திருந்தான்.

"ஏனுங்ணா, 1,40,000 போட்டுப் புதுசா எடுத்தனுங்க. பழசு எப்படி ஸ்டக் ஆச்சோ இதுவும் அப்படியே ஆகுதுங்க. இன்னும் கொஞ்சம் ரேம் போட்டாச் சரியாயிடுமுங்களா?"

பணத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்திருக்கிறான்.

தை மாதத்திலிருந்து எண்ணினால் இவன் நான்காவது ஆள். நான்கு பேருக்கும் கேமரா வேறு, ஊர் வேறு, கடை வேறு. நோய் மட்டும் ஒன்றுதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ரேம் விஷயம். மெஷின் வேலை செய்யும்போது எடுத்துக்கொள்ளும் தற்காலிக மெமரிதான் ரேம். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வீடியோ திக்கினால் ரேம், முடித்த வீடியோவை ஃபைலாக எடுக்கும் எக்ஸ்போர்ட் நின்றால் ரேம், குரல் தள்ளிப்போனாலும் ரேம். ரேம் பத்தவில்லை என்றால் கம்ப்யூட்டரே அதைச் சொல்லும். டைம்லைனை (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் இடம்) ஓடவிட்டு, விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். மெமரி நிரம்பி வழிந்தால் ரேம் வாங்குங்கள். அந்தத் தம்பியின் மெஷினில் 32 ஜிபி இருந்தது. ஓடும்போது 14 ஜிபிதான் எடுத்தது. பாதித் தொட்டி காலியாகக் கிடக்கும்போது இன்னொரு தொட்டி கட்டி என்ன பயன்?

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. ப்ராசஸர் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டில் 'வீடியோ டிகோட்' என்ற கட்டம் சுழியத்தில் கிடந்தது. அதாவது அவன் அத்தனை விலை கொடுத்து வாங்கிய கார்டு, சுருக்கி வைத்த அந்த வீடியோவைப் பிரித்துப் படமாக்கும் வேலையில் கையே வைக்கவில்லை.

ஏன் என்று தெரிய ஃபைலுக்குள் பார்க்க வேண்டும். "எம்பி4 தானுங்ணா, எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்றான். இல்லை, கண்ணு. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சாக்கை மட்டும் பார்த்து யாராவது விலை கேட்கிறார்களா? சாக்கைக் குத்தி, நாலு மஞ்சளைக் கையில் எடுத்து, உடைத்துப் பார்த்துத்தான் கேட்பார்கள். ஒரே மாதிரிச் சாக்குதான். ஒன்றில் விரலி இருக்கும், இன்னொன்றில் கிழங்கு இருக்கும். எம்பி4 என்பது வெறும் சாக்கு. உள்ளே வீடியோவைச் சுருக்கிய முறை எச்.264 ஆக இருக்கலாம், எச்.265 ஆக இருக்கலாம். அதிலும் கலரின் நுணுக்கத்தைச் சொல்லும் 8 பிட் இருக்கும், 10 பிட் இருக்கும். கலர் தகவல் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்பதைச் சொல்லும் 4:2:0 இருக்கும், 4:2:2 இருக்கும். ஒவ்வொன்றும் மெஷினுக்குக் கொடுக்கும் வேலை வேறு. 'மீடியாஇன்ஃபோ' என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. கிளிப்பை அதில் போட்டால் அரை நிமிடத்தில் எல்லாம் வரிசையாக வந்துவிடும். எடிட்டிங் தொழில் செய்கிற ஒருவர் கம்ப்யூட்டரில் அது இல்லை என்றால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அவன் கிளிப்பில் இருந்தது எச்.265, 10 பிட், 4:2:2. இப்போது வரும் நல்ல கேமராக்கள் பலவற்றில் இது உண்டு, கலர் கரெக்‌ஷனுக்கு அருமையான சரக்கு. ஆனால் இதை வன்பொருளிலேயே பிரிக்கும் திறன் என்விடியா ஜிஃபோர்ஸ் கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது. அவனிடம் இருந்தது அதற்கு முந்தைய வரிசை. இன்டெல் ப்ராசஸர்களில் 11-ஆம் தலைமுறை முதலே, உள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் பகுதி இந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அவனுக்குக் கொடுத்த ப்ராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தது. 'எஃப்' போட்டால் அந்த உள் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறையும், அவ்வளவுதான். கேம் விளையாடுபவருக்கு அது நல்ல மெஷின். இவனுக்கு அல்ல. "என்ன கேமரா, எந்த ஃபார்மட்" என்று கடையில் யாரும் கேட்கவில்லையாம். இவனும் சொல்லவில்லை.

(உள் கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகக் கார்டு மாட்டினால் சில மதர்போர்டுகளில் உள் கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடும். மெஷின் தொடங்கும்போது திறக்கும் செட்டிங் பக்கமான பயாஸில் போய் அதைத் திரும்பப் போட வேண்டும்.)

"வி.எல்.சி.யில நல்லா ஓடுதுங்களே" என்று வீடியோ பார்க்கும் மென்பொருளைச் சொல்வார்கள். ஓடும். இந்த வகை ஃபைல்களில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. முன்னும் பின்னும் உள்ள படத்திலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே எழுதியிருக்கும். நேராக ஓட்டினால் வேலை குறைவு. எடிட்டிங்கில் நாம் முன்னே போவோம், பின்னே வருவோம், நடுவில் வெட்டுவோம், மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டுவோம். ஒவ்வொரு தடவையும் மெஷின் பின்னால் போய் முழுப் படத்தைத் தேடிக் கட்டி எழுப்ப வேண்டும்.

சரி, இதற்கு மருந்து என்ன? ப்ராக்ஸி. இத்தனை வருடமாகப் பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கிறது, காசு கிடையாது. பெரிய 4கே கிளிப்புக்குப் பதிலாக 720 அளவில் ஒரு லேசான நகல் உண்டாக்கி, அதை வைத்து எடிட் செய்வது. நகலுக்கு ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர். எல்.பி. என்ற ஃபார்மட்டைத் தேர்ந்தெடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

இங்கேதான் எனக்கு ரொம்பக் கோபம் வருகிற இடம். "ப்ராக்ஸி போட்டா குவாலிட்டி போயிடுமுங்க." எத்தனை தடவை சொல்வது? போகாது. ப்ராக்ஸி நாம் பார்ப்பதற்கு மட்டும். எந்த இடத்தில் வெட்டினோம், எங்கே கலர் போட்டோம் என்ற கணக்கைத்தான் மென்பொருள் வைத்திருக்கிறது. எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது, நீங்களாக ப்ராக்ஸியை எடு என்று சொன்னால் தவிர, அசல் ஃபைலைத்தான் எடுக்கும். சந்தேகமாக இருந்தால் பத்து நொடியை எக்ஸ்போர்ட் செய்து பெரிதாக்கிப் பாருங்கள். அசல் கிளிப்பை அழித்துவிடாதீர்கள், அது ஒன்றுதான் முக்கியம்.

மறுநாள் அந்தத் தம்பியிடம் பழைய மெஷினையும் எடுத்து வரச் சொன்னேன். இணைச்சீர் என்ற கல்யாணச் சடங்கின் காட்சி ஒன்று, மூன்று கேமரா. அதற்குப் ப்ராக்ஸி போட்டுப் பழைய மெஷினில் ஓட்டினோம். தண்ணீர் மாதிரி ஓடியது. அவன் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு கோளாறு. நொடிக்கு 200 மெகாபிட்டில் எடுத்த வீடியோ என்றால், எட்டு பிட் ஒரு பைட் என்ற கணக்கில், நொடிக்கு 25 மெகாபைட். மூன்று கேமராவுக்கு 75. அவன் வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டியிருந்தது யு.எஸ்.பி. 2 போர்ட்டில், அதில் கைக்கு வருவது 35, 40 மெகாபைட்தான். பிறகு எந்த ப்ராசஸர் வந்து என்ன செய்யும்? எடிட் செய்யும் கல்யாணத்தை மட்டுமாவது எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றலாம்.

அப்புறம் குரல் தள்ளிப்போவது. பெருந்துறையில் ஒருவர் கல்யாணத்தில் பாடும் மங்கல வாழ்த்தை மாமா பையனின் போனில் எடுத்த கிளிப்போடு வந்தார். ஆரம்பத்தில் எல்லாம் ஒட்டியிருந்தது. முடிவதற்குள் பாடுகிறவரின் வாய் ஓரிடத்தில், குரல் ஓரிடத்தில். அவர் ஆடியோவைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பார்த்திருக்கிறார், பாவம். போன் பெரும்பாலும் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டில் (நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கில்) எடுக்காது; வெளிச்சம் குறைந்தாலே மாறும். மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' என்று இருந்தால் டைம்லைனில் போடவே போடாதீர்கள். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' வைத்து மாற்றிவிட்டு அப்புறம் போடுங்கள். போன் கிளிப்பை வாட்ஸ்அப்பில் வாங்கும்போது வீடியோவாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எக்ஸ்போர்ட் ஒவ்வொரு தடவையும் அதே சதவீதத்தில் நிற்கிறதா? மெஷினைத் திட்டாதீர்கள். டைம்லைனில் அந்த இடத்துக்குப் போங்கள். கெட்டுப்போன ஒரு கிளிப்போ எஃபெக்டோ அங்கே உட்கார்ந்திருக்கும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிக் கல்யாணத்தில் மென்பொருளை அப்டேட் செய்யாதீர்கள். இதைச் செய்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் போடாதீர்கள்.

புது மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை எல்லோருக்கும் வரும், அதை நான் மறுக்கவில்லை. அப்போது உங்கள் கேமராவில் எடுத்த ஒரு கிளிப்பை, நீங்கள் வழக்கமாக எடுக்கும் அதே செட்டிங்கில், பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். காசு கொடுக்கும் முன்னால், வாங்கப்போகும் அதே மெஷினில் டைம்லைனில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள்.

கவுந்தப்பாடித் தம்பியின் கார்டைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. ப்ராசஸரை மட்டும் 'எஃப்' இல்லாததாக மாற்றித் தரச் சம்மதித்திருக்கிறார்கள், மேலே கொஞ்சம் பணம் கட்ட வேண்டும். இப்போதைக்குப் ப்ராக்ஸியில் மூன்று கல்யாணத்தை முடித்துவிட்டான். ஆவணிக்குள் சங்கிலியைத் திருப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான்.