விசா: ‘பார்த்தாயிற்று’ என்று பொருள்

விசா இலத்தீனிலிருந்து வந்த சொல். பார்த்தலைக் குறிக்கும் ‘விதேரே’ என்ற வினை அதன் வேர். ‘கார்தா விசா’ என்றால் பார்வையிடப்பட்ட தாள். அதிகாரி ஒருவர் பயண ஆவணத்தைப் பார்த்துவிட்டு, தடையில்லை என்று அதன்மேல் இட்ட குறிப்புக்கே இந்தப் பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் வந்தது. முதல் உலகப் போரின்போது நாடுகள் எல்லைகளை இறுக்கிய பிறகுதான் சாதாரணப் பயணிக்கும் இது பரவலாகத் தேவைப்பட்டது. அமெரிக்கா போன்ற நாடுகள் இப்போது தருவது பாஸ்போர்ட்டில் ஒட்டும் தாள். ஆனாலும் ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் கோப்போடு நிற்பவர்களுக்கு அது இன்னும் ‘ஸ்டாம்பிங்’தான்.

‘பார்த்தாயிற்று’ வேறு, ‘தங்கிக்கொள்’ வேறு. அமெரிக்க விசாவில் காலாவதி நாள் 2034 என்றிருந்தால் அதுவரை அங்கே இருக்கலாம் என்று நம்புகிறவர்கள் பலர். அந்த நாள் வரை அந்நாட்டு வாசலில் போய் நின்று உள்ளே விடும்படி கேட்கலாம், அவ்வளவே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் குடிவரவு அதிகாரி முடிவு செய்வார். அது ஐ-94 என்ற பதிவில் இருக்கும். பேரனைப் பார்க்கப் போகும் மாம்பலத்துத் தாத்தாவுக்குப் பத்தாண்டு விசா கிடைத்தாலும், ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் சிக்கல் வேறு விதம். தொடக்க நாளுக்கும் முடிவு நாளுக்கும் நடுவே ஒரு மாதம் இருக்கும். தங்கும் காலம் என்ற கட்டத்தில் 15 என்று இருக்கும். அந்த 15 நாள்தான் கணக்கு. வளைகுடாவுக்கு ஆள் பிடிக்கும் முகவர்கள் சொல்லும் ‘ஃப்ரீ விசா’வோ இலவசமும் அன்று, விடுதலையும் அன்று: காகிதத்தில் ஒரு முதலாளி, வேலை வேறெங்கோ, பிடிபட்டால் பாடு தொழிலாளிக்கு.

தமிழில் என்ன சொல்வது? ‘நுழைவுச்சீட்டு’ என்று எழுதுகிறார்கள். தேர்வு அறைக்குக் கொண்டுபோகும் தாளுக்கும் அதே பெயர். கையில் இருந்தால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்ற தொனியும் அதில் உண்டு. ‘நுழைவு அனுமதி’ இன்னும் அதிகமாக வாக்குக் கொடுக்கிறது. ‘நுழைவிசைவு’ சொல்ல நாக்கு கொஞ்சம் இடறும்; ஆனாலும் என் ஓட்டு அதற்கே. நீ வருவதில் எனக்கு இசைவுதான் என்பதோடு அது நின்றுகொள்கிறது. பேச்சில் விசாவை யாரும் விடப்போவதில்லை; ஈழத்தமிழர் அதையே ‘வீசா’ என்று நீட்டி எழுதுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்காரரை அதிகம் வாட்டுவது பெயர்க்கட்டம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. இன்று நம்மில் பலருக்குத் தலைப்பெழுத்தும் ஒரு பெயரும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று வரும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. கொஞ்ச நாளில் ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை எல்லாவற்றிலும் அதுவே பெயராகி, அலுவலகத்தில் ‘ஃப்னு’ என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகமோ 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவே இல்லை என்றது. பிறகு பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று இளகியது.

எழுத்துப் பிழையோ பாஸ்போர்ட் எண் பிழையோ என்றால், புறப்படுவதற்கு முன்பே விசா வழங்கிய தூதரகத்திடம் திருத்தம் கேட்கலாம். எஃப்.என்.யு.வுக்கு அந்த வழி உதவாது. அவர்கள் கணக்கில் அது பிழையே அன்று. பாஸ்போர்ட்டில் கண்டதை எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் கட்டத்தில் தந்தை பெயரை நிரப்பிப் பாஸ்போர்ட்டைப் புதிதாக வாங்கிய பிறகு, அடுத்த விசாவில்தான் எஃப்.என்.யு. ஒழியும்.