மாமாவின் கண்ணில் 24

உப்புவெளி மாமா போன மாதம் கிளினிக் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கண்ணுக்குள் இருக்கும் அமுக்கம் வலதில் 24, இடதில் 23. "21க்கு மேல போனா குளுக்கோமாவாம். கண் போயிடுமோ மருமோன்?"

குளுக்கோமா, பார்வை நரம்பைப் பழுதாக்கும் நோய். ஆனால் அந்த 24ஐ நம்புவதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். சைக்கிள் கடையில் ரயரைப் பெருவிரலால் அமத்தித்தான் காற்றுப் பார்ப்பார்கள். ரயர் மெல்லிசு என்றால் விரல் சொல்வது சரி. மொத்த ரயர் என்றால் காற்று குறைந்திருந்தாலும் விரலுக்கு இறுக்கமாகத்தான் தெரியும். கண்ணில் அந்த ரயர், விழிவெண்படலம். கருமணிக்கு முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் தோல்.

மாமாவுக்கு நடந்தது இதுதான். மரத்துப்போக ஒரு சொட்டு, மஞ்சள் சாயம், நாடியைத் தாங்கியில் வைத்து நீல வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணின் அமுக்கத்தை அளக்கும் கருவியான ரொனோமீற்றரின் முனை கண்ணைத் தொட்டதும் டொக்டருக்கு இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும், இதயத்துடிப்போடு சேர்ந்து மெல்ல ஆடிக்கொண்டு. அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்வரை குமிழைத் திருகுவார். அந்த இடத்தில் படலத்தில் 3.06 மில்லிமீற்றர் அகலமான வட்டம் தட்டையாகியிருக்கும்.

அதென்ன 3.06? 1950களில் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் போட்ட கணக்கு அது. வளைய மறுக்கும் படலம் முனையை வெளியே தள்ளும். கண்ணீர்ப் படலமோ, ஈரமேசையில் ஒட்டிக்கொள்ளும் தம்ளர் மாதிரி, முனையைக் கண்ணோடு இழுக்கும். ஏறத்தாழ இந்த அகலத்தில் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். மிச்சம் உள்ளே இருக்கும் அமுக்கம் மட்டும். கூடவே ஒரு வசதி: 1 கிராம் விசைக்கு 10 மில்லிமீற்றர் இரசம் (அமுக்கத்தைச் சொல்லும் அலகு). குமிழில் 2 என்றால் அமுக்கம் 20.

கெட்டித்தனமான கணக்குத்தான். ஆனால் படலம் ஏறக்குறைய 520 மைக்ரோமீற்றர், அதாவது அரை மில்லிமீற்றரைவிடக் கொஞ்சம் கூட இருந்தால்தான் அது ஒழுங்காகப் பொருந்தும். மொத்தப் படலம் அளவைக் கூட்டிக் காட்டும், மெல்லிசு குறைத்துக் காட்டும். கொழும்புக்குப் போய் லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் குறைத்துத்தான் காட்டும்; அந்தச் சிகிச்சையே படலத்தைச் செதுக்குவதுதானே. டொக்டரிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

தடிப்பை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். நீர்கோர்த்து வீங்கிய படலம் தடிப்பாக இருக்கும், ஆனால் தேத்தண்ணியில் ஊறின பிஸ்கட் மாதிரித் தொய்ந்துபோயிருக்கும். அதில் அளவு குறைவாகவே வரும். தொடாமல் காற்றை ஊதி அளக்கும் கருவிகளிலும் படலத்தின் குறுக்கீடு உண்டு. அவற்றில் சில, படலம் உள்ளே மடங்கும்போதும் திரும்பி வரும்போதும் தனித்தனியே அளந்து, அதன் மீள்தன்மையையும் சொல்கின்றன.

இரண்டாம்முறை போனபோது மாமாவின் படலத்தின் தடிப்பையும் அளந்தார்கள்: 612 மைக்ரோமீற்றர். "அப்ப உண்மையான பிறஷர் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். டொக்டர் இலக்கம் சொல்லவில்லை. அது சரிதான். இத்தனை மைக்ரோமீற்றருக்கு இத்தனை கழி என்று அட்டவணைகள் இருக்கின்றன, ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அதனால் பார்வை நரம்பையும் பார்வைப் புலத்தையும், அதாவது கண்ணை அசைக்காமல் சுற்றிவர எவ்வளவு தெரிகிறது என்பதையும், சோதித்தார். இரண்டிலும் பழுதில்லை.

துணைக்குப் போன மாமியும் சும்மா இருக்காமல் நாடியை வைத்திருக்கிறார். அமுக்கம் 17. "பாத்தியளா, எனக்கு ஒண்டுமில்லை" என்று சிரித்தாராம். படலம் 478. மெல்லிய படலம் அளவைக் குறைத்துக் காட்டுவதோடு நிற்பதில்லை. அமுக்கம் கூடியவர்களில் அதுவே குளுக்கோமாவுக்கான ஆபத்துக் குறி என்று 2002இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

மாமாவை அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். மாமிக்கு நரம்பைப் படமெடுக்க வரும் செவ்வாய்க்கிழமை.