பழைய காருக்குப் புதிய எஞ்சின்: செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

பழைய கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக அண்மைக்கால எஞ்சினைப் பொருத்த முனைவோர் முதலில் விசாரிப்பது எஞ்சினின் விலையைத்தான். ஆனால் சிக்கனமாகச் செய்யப்படும் இத்தகைய மாற்றங்களில் எஞ்சின் பெரும்பாலும் மலிவான உறுப்பாகவே இருந்துவிடுகிறது. பின்புறம் நசுங்கி ஓட்டத்துக்கு உதவாமல் போன வண்டியில்கூட எஞ்சின் பழுதின்றி இருக்கும். அது பழைய இரும்பு விலையில் கிடைப்பதும் உண்டு. பட்ஜெட்டைத் தின்பது, அந்த எஞ்சின் தன்னைச் சுற்றி இருக்கும் என்று எதிர்பார்க்கிற, பழைய வண்டியிலோ அறவே இல்லாத ஏற்பாடுகள்தான். அழுத்தம் மிக்க எரிபொருள், நிலையான மின்சாரம், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும், சரியான கோணத்தில் அமைந்த உந்துதண்டு, வெப்பத்தை வெளியேற்றும் வழி ஆகிய இவற்றை எவ்வளவு குறைவாகப் புதிதாய்ச் செய்ய நேர்கிறதோ, அவ்வளவு செலவு குறையும்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 1950களின் மோரிஸ் மைனர் காரில் இருந்த 948 சிசி எஞ்சின் 37 குதிரைத்திறன் தந்தது. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 115 குதிரைத்திறன் தருகிறது. கொள்ளளவு 1.7 மடங்குதான் கூடியிருக்கிறது; திறனோ மூன்று மடங்கைத் தொடுகிறது. சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள் இருந்த இடத்தில் நான்கு வந்ததால், வேகம் கூடும்போதும் காற்று தாராளமாக உள்ளே நுழைகிறது. எரிபொருளும் தீப்பொறியும் ஒவ்வொரு சுழற்சிக்கும் கணக்கிட்டுத் தரப்படுவதால் அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதை) 8.3-இலிருந்து 9.4-க்கு உயர்த்தவும் முடிந்திருக்கிறது. குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துக் காத்திருக்கும் வேலை இல்லை என்பது ஓட்டுபவருக்கு இதைவிடப் பெரிய லாபமாகத் தோன்றலாம்.

எந்த எஞ்சினைத் தேர்வது என்பதை முதலில் முடிவு செய்வது வடிவியல். பின்சக்கர உந்துதல் கொண்ட பழைய கார்களில் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்திருக்கும். இன்றைய சிறு கார்களிலோ பெரும்பாலும் குறுக்குவாக்கில் அமர்ந்து, கியர்பாக்ஸுக்குள்ளேயே, சுழற்சியை இருபக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் வைத்துக்கொண்டு முன்சக்கரங்களை இயக்குகிறது. அத்தகைய எஞ்சினை எடுத்தால் அதன் கியர்பாக்ஸ் பயன்படாது. வேறொரு கியர்பாக்ஸைத் தேடி, இரண்டையும் இணைக்கும் அடாப்டர் தகடு ஒன்றைக் கடைந்தெடுக்க வேண்டும். பிஸ்டன்களால் சுழற்றப்படும் கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் மையமும் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துக்குள் ஒன்றாமல் போனால், தாங்கிகள் விரைவில் தேயும், கிளட்ச் அதிரும். எனவே கையிருப்பு குறைவாக உள்ளவர், எஞ்சினும் கியர்பாக்ஸும் நீளவாக்கில் ஒரே தொகுதியாகக் கிடைக்கும் வண்டியைத் தேடுவதே நல்லது. அமெரிக்கப் பழைய கார்களில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை எஞ்சின்கள் இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம் இதுவே. 1997-ஆம் ஆண்டு மாடல் கார்வெட் காரில் அலுமினியத்தில் வந்த அதே குடும்பத்தின் 5.3 லிட்டர் வார்ப்பிரும்பு எஞ்சின்கள் பிக்கப் வண்டிகளில் ஏராளமாகப் பொருத்தப்பட்டன. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தலைப்பகுதியில் இல்லாமல், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் நடுவே இருப்பதால், நான்கு கேம் ஷாஃப்ட் கொண்ட வி-8 எஞ்சின்களைவிட இவை அகலத்தில் ஒடுங்கியவை.

அகலத்தையும் நீளத்தையும் அளந்தவர்கள் பலர், எண்ணெய் நிற்கும் சம்ப்பின் ஆழமான பகுதி முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். பழைய காரின் குறுக்குச் சட்டமும் ஸ்டீயரிங் அமைப்பும் அந்த இடத்திலேயே ஓடினால், எஞ்சினை உயர்த்த வேண்டும் அல்லது சம்ப்பை வெட்டி வேறு வடிவில் பற்றவைக்க வேண்டும். வெட்டும்போது எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயையும் இடம் மாற்றியாக வேண்டும். கொள்ளளவு குறைந்து, உள்தடுப்புகளும் நீங்கிவிட்டால், வளைவில் வேகமாகத் திரும்பும்போது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். தாங்கிகள் கெட்டுப்போக அத்தகைய சில நொடிகள் போதும்.

எஞ்சினைத் தாங்கும் இடங்கள் அதன் எடையை மட்டும் தாங்குவதில்லை. மேற்சொன்ன 1.6 லிட்டர் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 135 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 3.1 என்பதால் உந்துதண்டில் சுமார் 420 நியூட்டன் மீட்டர் வெளிப்படுகிறது. அதே அளவு விசை எதிர்த்திசையில் எஞ்சின்-கியர்பாக்ஸ் தொகுதியைப் புரட்டப் பார்க்கும். அதை ரப்பர் மவுண்டுகளும், அவை அமர்ந்த பிராக்கெட்டுகளும், இறுதியாகப் பழைய சட்டத்தின் இரும்பும் தாங்குகின்றன. துருவேறிய சட்டத்தில் புதிய பிராக்கெட்டைப் பற்றவைப்பது எஞ்சினை அந்தரத்தில் தொங்கவிடுவதற்குச் சமம். பழைய பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் அரைத்தண்டுகளும் இத்தனை முறுக்கை எண்ணி உருவாக்கப்பட்டவை அல்ல.

உந்துதண்டின் கோணமும் எளிதாக ஏமாற்றிவிடும். தண்டின் முனையில் உள்ள, வளைந்தபடியே சுழல விடும் இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே செல்லும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. 3 பாகைக் கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 விழுக்காடுதான்; 10 பாகையில் அது 1.5 விழுக்காடாகிவிடும். தண்டின் மறுமுனையில் உள்ள ஜாயிண்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால் முதலாவது செய்த பிழையை இது திருத்திவிடும். ஆகவே கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டும் பின் அச்சின் உள்ளீட்டுத் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டிய அவசியமில்லை. சிறிதும் வளையாத ஜாயிண்டில் ஊசித் தாங்கிகள் அசையாமல் ஒரே இடத்தில் அழுந்தித் தேயும் என்பதால், நேர்கோட்டைத் தவிர்ப்பதே நல்லது. எஞ்சினைச் சாய்வுமானி இல்லாமல், கண் மதிப்பில் பொருத்தியவர்கள் அதன் விளைவை நெடுஞ்சாலையில் இருக்கையின் அதிர்வாக உணர்வார்கள்.

இதுவரை சொன்னவை இரும்பும் அளவுகோலும் சார்ந்தவை; பொறுமையைச் சோதிப்பது மின்சாரம். மின்னணு எரிபொருள் தெளிப்பு புதிதல்ல. போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அமைப்பு 1967-இலேயே ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்துவிட்டது. அடிப்படை இன்றும் ஏறத்தாழ அதுவே: உள்ளே செல்லும் காற்றின் அளவை அறிந்து, அதற்கேற்ற நேரம், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறந்து வைப்பது. காற்றின் எடை 14.7 பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு என்பது முழு எரிதலுக்கான விகிதம். புகைபோக்கிக் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் இந்த விகிதம் எப்பக்கம் சாய்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி திருத்திக்கொண்டே இருக்கிறது. தீப்பொறிக்கான நேரம் கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் பல்சக்கரத்திலிருந்து வருகிறது. 60 பற்களுக்கான இடத்தில் இரண்டு பற்களை மட்டும் வேண்டுமென்றே இல்லாமல் செய்து, 58 பற்களை வைப்பது பரவலான வடிவம். அந்த இடைவெளி சென்சாரைக் கடக்கும் கணத்தைக் கொண்டு, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் ஒரு பாகை என்பது நொடியின் பத்து லட்சத்தில் 28 பங்கு நேரம்தான். அந்தத் துல்லியத்தில் வரும் சிக்னலை, தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் வயரோடு சேர்த்துக் கட்டினால் இரைச்சல் கலந்து எஞ்சின் தடுமாறும்.

எஞ்சின் எடுக்கப்பட்ட வண்டியின் கணினியையே பயன்படுத்துவது மலிவான வழி. தொழிற்சாலை செய்த அளவீடுகள் அனைத்தும் அதில் இருக்கும். ஆனால் திருட்டுத் தடுப்பு உள்ள எஞ்சின் என்றால், சாவியில் உள்ள சிப், பூட்டைச் சுற்றியுள்ள சுருள், அவற்றோடு பேசும் பெட்டி ஆகிய அனைத்தும் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். பிற்கால வண்டிகளில் எஞ்சின் கணினி, பிரேக் கணினியையும் உடற்பகுதிக் கணினியையும் வலையமைப்பில் தேடும். பதில் வராவிட்டால் ஓட மறுக்கவோ, திறனைக் குறைத்துக்கொள்ளவோ செய்யும். இதனால்தான் 1990களிலிருந்து 2000களின் தொடக்கம் வரையிலான எஞ்சின்கள், சிக்கனம் பார்ப்பவருக்கு மிகவும் ஏற்றவை என்பேன்: எரிபொருள் தெளிப்பு முதிர்ந்துவிட்டது, வலையமைப்போ இன்னும் நெருக்கமாகவில்லை. மெகாஸ்குவர்ட், ஸ்பீடுவினோ போன்ற தனிக் கணினிகள் இத்தொல்லைகளைத் தவிர்க்கும். ஆனால் எரிபொருள் அட்டவணையையும் தீப்பொறி அட்டவணையையும் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, சோதித்துச் சரிசெய்யும் வேலையும் செலவும் அங்கே காத்திருக்கும்.

கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் இடத்தில்தான் பழைய வண்டி தன் குணத்தைக் காட்டும். சாவியைத் திருப்பியதும் உயிர்பெறும் வயர் ஒன்றைத் தேடி, காயிலுக்குச் செல்லும் பழைய வயரிலிருந்தே கணினிக்கும் இணைப்பு எடுப்பது வழக்கமான தவறு. பல வண்டிகளில் அந்த வயரில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பேலஸ்ட் மின்தடை இருக்கும். அதைத் தாண்டி வருவது 12 வோல்ட் அல்ல, 6 முதல் 9 வோல்ட் வரைதான். வேறு முனையிலிருந்து எடுத்தால், ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் மட்டும் பழைய சுவிட்ச் அம்முனையைத் துண்டித்துவிடலாம். அப்போது எஞ்சின் சுழலும், பற்றாது. சாவியிலிருந்து கையை எடுக்கும் கணத்தில் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கும். இந்த அறிகுறியைக் கண்டவர் சென்சார்களை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது கணினியின் முனையில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தாலே விடை தெரியும்.

எர்த் இணைப்பும் அவ்வாறே. எஞ்சின் ரப்பர் மவுண்டுகளில் அமர்ந்திருப்பதால், தடித்த பட்டையால் அதை வண்டியின் உடலோடும் பேட்டரியோடும் இணைக்காவிட்டால், ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே திரும்ப முயன்று அவற்றைச் சூடாக்கும். 1960களின் பிற்பகுதி வரை பல பிரித்தானியக் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை எதிர்முனைக்கு மாற்றாமல் புதிய கணினியை இணைத்தால் அது அங்கேயே எரிந்துபோகும். பழைய மின்னாக்கியான டைனமோவும் போக வேண்டியதே. மின்விசிறி, எரிபொருள் பம்ப், கணினி மூன்றையும் சேர்த்துத் தாங்க ஆல்டர்னேட்டர் தேவை.

எரிபொருளில் மாற்றம் அழுத்தத்தில் இருக்கிறது. கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.4 பார் வரை போதும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). இன்ஜெக்டருக்கு 3 முதல் 4 பார் வேண்டும். பத்து மடங்கு அழுத்தத்தில் பழைய ரப்பர் குழாயும் சாதாரண கிளிப்பும் தாங்கா. எஞ்சின் அறையில் கசிவு என்றால் நேரே சூடான புகைக்குழாயின் மீது பெட்ரோல் பீய்ச்சும். சிக்கனம் காட்டக் கூடாத ஒரே இடம் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். மேலும், கார்புரேட்டரின் மிதவை அறையில் சிறு சேமிப்பு இருப்பதால் பம்ப் சில நொடிகள் காற்றை விழுங்கினாலும் பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்டது. இன்ஜெக்டருக்கு அந்தச் சேமிப்பு இல்லை. உள்தடுப்பில்லாத பழைய டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது வளைவில் திரும்பினால் எஞ்சின் அக்கணமே இருமும். டேங்குக்கும் உயரழுத்த பம்புக்கும் இடையே எப்போதும் நிரம்பியிருக்கும் சிறு கலன் ஒன்றை வைப்பது இதற்கான மலிவான தீர்வு.

வெப்பத்தைப் பற்றிய அச்சம் பாதி உண்மை. பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்நீருக்குப் போகிறது என்பது பழகிய கணக்கு. ஆனால் சிறிய காரை 100 கிலோமீட்டர் வேகத்தில் நிலைநிறுத்தத் தேவைப்படுவது சுமார் 15 கிலோவாட்தான். எஞ்சின் 85 கிலோவாட் (115 குதிரைத்திறன்) தரவல்லது என்பதால் அந்தத் தேவை கூடிவிடாது. ஏற்றத்திலும் நெரிசலிலும்தான் ரேடியேட்டரின் வலிமை சோதிக்கப்படும். புதிய எஞ்சினின் குளிர்நீர் 1 பார் அளவு கூடுதல் அழுத்தத்தில் இயங்குவதால் நீரின் கொதிநிலை 120 பாகை செல்சியஸுக்கு உயர்கிறது. அதற்குப் பாதி அழுத்தத்துக்கே செய்யப்பட்ட பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு இணைப்புகள் அங்கே பிளக்கும். எஞ்சின் இருக்கும் உயரத்தைவிட ரேடியேட்டர் தாழ்ந்திருந்தால், காற்றுக்குமிழிகள் சிலிண்டர் தலையிலேயே தங்கிவிடும். அனைத்துக்கும் மேலே ஒரு நிரப்புக்கலன் அவசியம்.

கியர் விகிதத்தில் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. பின் அச்சின் விகிதம் 4.2, சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று கொண்டால், விகிதம் 1 ஆன நேரடி நான்காம் கியரில் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் வண்டி 77 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்; 0.81 விகித ஐந்தாம் கியரில் அதே சுற்றுகளுக்கு 95 கிலோமீட்டர். சத்தம் குறைவதற்காகவே இதைச் செய்பவர்கள், பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு ஐந்து கியர் பெட்டியை மட்டும் மாற்றினாலும் போதும் என்பது என் கருத்து. வேகம் கூடினால் பிரேக்கையும் பார்க்க வேண்டும். 100-இலிருந்து 130 கிலோமீட்டருக்கு உயர்ந்தால் நிறுத்தும்போது வெப்பமாக மாற வேண்டிய ஆற்றல் 69 விழுக்காடு கூடுகிறது. பழைய டிரம் பிரேக்குகள் அதைத் தொடர்ந்து தாங்கா. எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் மாறுவதால் பதிவு அலுவலகத்தின் விதிகளையும் வேலைக்கு முன்பே கேட்டறிவது அவசியம்.

அனைத்தும் பொருந்திய பிறகு நேரே எஞ்சினை இயக்கிவிடக் கூடாது. இன்ஜெக்டர், இக்னிஷன் இரண்டின் ஃபியூஸ்களையும் எடுத்துவிட்டு, எண்ணெய் அழுத்தம் மானியில் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டுவிட்டுச் சுழற்ற வேண்டும். அப்போதே கணினியின் திரையில் சுற்றுகளின் எண்ணிக்கை நிமிடத்துக்கு 200-ஐ ஒட்டி நிலையாகத் தெரிகிறதா என்றும் பார்க்கலாம். எண் குதித்தால் பல்சக்கரத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஃபியூஸ்களைத் திரும்பப் பொருத்தி, சாவியை ஸ்டார்ட்டருக்கு முந்தைய நிலையில் மட்டும் வைத்தால், பம்ப் சில நொடிகள் ஓடி அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கும். அந்த அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்த பிறகே, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு சாவியை முழுவதுமாகத் திருப்ப வேண்டும்.