தளமே இல்லாத தளவிளைவு

புரோட்டானின் தற்சுழற்சியை (ஆங்கிலத்தில் 'ஸ்பின்') அளப்பது பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் மறுபடியும் அதே சொல்: 'தளவிளைவுற்ற புரோட்டான் கற்றை'. மூன்றாவது முறை பார்க்கிறேன்.

மூலச்சொல் 'போலரைசேஷன்'. அடி கிரேக்கம்; 'போல்' என்றால் முனை. ஒளித்துகளுக்கும் காந்தம்போல முனைகள் உண்டென்று எண்ணி, 1811இல் பிரெஞ்சுக்காரர் மாலுஸ் ஒளிக்கு இதைச் சூட்டினார். அவ்வளவுதான் கதை.

தளவிளைவு நம் பாடநூல் தந்தது. அதிர்வு ஒரே தளத்தில் அடங்குவதால் அந்தப் பெயர். சரி, அழகான சொல்தான். ஆனால் ஒளியிலேயே தடுக்கி விழுகிறது. தியேட்டரில் முப்பரிமாணப் படத்துக்குத் தரும் கண்ணாடிகளில் பல 'வட்ட' வகை. அந்த ஒளியில் அதிர்வுத் திசை சுற்றிக்கொண்டே போகும். வட்டத் தளவிளைவு என்றால் எந்தத் தளம்? புரோட்டானிலோ தளம் என்ற பேச்சே கிடையாது. எத்தனை புரோட்டான்களின் தற்சுழற்சி ஒரே பக்கம் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. நூற்றில் 80 மேலே, 20 கீழே என்றால் வித்தியாசம் 60; போலரைசேஷன் 60 விழுக்காடு.

அளவீடே இந்த எண்ணில்தான் நிற்கிறது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில், எலக்ட்ரானின் கனத்த உறவான மியூவான்களைத் திட அம்மோனியாவிலுள்ள ஹைட்ரஜன் புரோட்டான்கள்மீது பாய்ச்சினார்கள். இரண்டின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் எத்தனை சிதறல், எதிரெதிரே இருந்தால் எத்தனை என்று எண்ணினார்கள். கிடைத்த சின்ன வேறுபாட்டைக் கற்றை, இலக்கு இரண்டின் விழுக்காட்டாலும் வகுக்காமல் உண்மை அளவு வராது. புரோட்டானின் தற்சுழற்சியில், அதற்குள் இருக்கும் குவார்க் துகள்களின் தற்சுழற்சிக்குச் சிறு பங்கே என்று 1988இல் வெளியான முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு. 'தளவிளைவு 60 விழுக்காடு' என்று படிக்கும் மாணவருக்கு இதில் என்ன விளங்கும்?

'முனைவாக்கம்' போதும். மின்காப்புப் பொருள்கள் பற்றிய பாடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதே, குழம்பாதா என்பார்கள். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அப்புறம் 'துருவப்படுத்தல்' என்றொரு கட்சி. வடசொல் என்பது இருக்கட்டும். ஊர் இரண்டாகப் பிளப்பதைத்தான் செய்தித்தாள்கள் 'துருவமயமாதல்' என்று எழுதிப் பழக்கியிருக்கின்றன. இங்கே நடப்பது நேர்மாறு, எல்லாம் ஒரே பக்கம் சாய்வது.

கலைச்சொல் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் முடுக்கியில் கற்றையின் முனைவாக்கம் குலையாமல் காக்க அமைத்த காந்தத் தொகுதிக்கு 'சைபீரியப் பாம்பு' என்று பெயர். பாம்பு பாம்பாகவே இருக்கட்டும்.