மூளை ஆய்வில் ஆள் கணக்கை முடிவு செய்வது யார்?

"மனச்சோர்வுக்குக் காரணமான மூளைப் பகுதி கண்டுபிடிப்பு" என்பது மாதிரி ஒரு தலைப்பைப் பார்த்ததும் என் கண் தேடுவது, எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்ற எண்ணைத்தான். பல சமயம் அது இருபது, முப்பது என்ற அளவில் இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நரம்பியல் ஆய்வாளர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வழியாக மூளை வேலை செய்யும் விதத்தைப் படிப்பது என் தொழில். முறைப்படி பார்த்தால், எத்தனை பேர் தேவை என்பதை ஆய்வின் கேள்விதான் சொல்ல வேண்டும். தேடும் வித்தியாசம் சிறியதாக இருந்தால் நிறைய பேர் வேண்டும், பெரியதாக இருந்தால் கொஞ்சம் பேர் போதும். நடைமுறையில் அதைச் சொல்வது பணமும் கெடுவும்.

மூன்றாண்டு நிதி கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் கடிதம் வந்த தேதியிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஆள் எடுப்பது, கருவியைச் சரிபார்ப்பது என்று முதல் ஆண்டில் பெரும்பகுதி கரைந்துபோகும். கடைசி ஆண்டில் முடிவுகளை எழுதியாக வேண்டும், அப்போதே அடுத்த நிதிக்கு விண்ணப்பமும் போட்டாக வேண்டும். இடையில் கிடைப்பதுதான் ஸ்கேன் செய்யும் காலம். ஸ்கேனருக்கு மணிக்கணக்கில் கட்டணம். ஒருவர் வந்து, உடம்பில் உலோகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்து, உள்ளே படுத்து, சோதனையை முடித்து வெளியே வந்தபின் பார்த்தால், நடுவில் தலை சில மில்லிமீட்டர் அசைந்திருக்கும். அந்தப் பதிவு வீண். கட்டணம் கட்டணம்தான். குழந்தைகளும் நோயாளிகளும் என்றால் இந்த இழப்பு இன்னும் அதிகம். மிச்சப் பணத்தை ஸ்கேன் கட்டணத்தால் வகுத்தால் வருவதுதான் ஆய்வில் பங்கேற்போரின் எண்ணிக்கை.

விண்ணப்பத்தில் இதை அப்படியே எழுத முடியாது. அங்கே புள்ளியியல் கணக்கு காட்ட வேண்டும். அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. முப்பது பேருக்குத்தான் பணம் இருக்கிறதா? சரி, முப்பது பேரில் தெரிந்துவிடும் அளவுக்கு வித்தியாசம் பெரியது என்று அனுமானித்துக்கொள்வார்கள். கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிடும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டாளருக்கும் இது தெரியும். அவருடைய விண்ணப்பமும் வேறொரு மேசையில் இதே மாதிரி காத்திருக்கிறது.

இதன் விளைவு என்ன என்பதை 2013-இல் நேச்சர் ரிவ்யூஸ் நியூரோசயன்ஸ் இதழில் வந்த ஓர் அலசல் எண்ணாகவே காட்டியது. நரம்பியல் ஆய்வுகளின் புள்ளியியல் ஆற்றல், இடைநிலை மதிப்பாக, சுமார் 21 சதவீதம்தான். உண்மையிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது என்றாலும், அந்த அளவு ஆய்வை ஐந்து முறை செய்தால் ஏறக்குறைய ஒரு முறைதான் அது கண்ணில் படும்.

தவறவிடுவது ஒரு பக்கம். கண்ணில் பட்டதும் சரியான அளவில் இருக்காது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். சிறிய ஆய்வில் ஒரு முடிவு தேறுவதற்கு, தற்செயலும் சேர்ந்து அதை மேலே தள்ளியிருக்க வேண்டும். ஆகவே அச்சில் வரும் வித்தியாசம் உள்ளதைவிடப் பெரிதாகவே வரும். அடுத்த ஆய்வகம் அந்த ஊதிய எண்ணை நம்பித் தன் கணக்கைப் போடும்; அங்கும் இருபது பேர் போதும் என்றே விடை வரும். தவறு இப்படித்தான் ஒரு விண்ணப்பத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. மூளையின் அமைப்பையும் மனிதர்களின் குணத்தையும் அறிவுத்திறனையும் நோய்க்குறிகளையும் தொடர்புபடுத்தும் ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022-இல் நேச்சரில் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதுவரை அத்தகைய ஆய்வுகளில் வழக்கமாக இருந்த எண் சுமார் 25.

சிறிய எண் என்றாலே ஆய்வு மோசம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரே ஆளைப் பல மணி நேரம், பல நாள் அளந்து பார்க்கும் ஆய்வுகள் உண்டு. பார்வை நரம்பியலின் அடிப்படைகள் பல அப்படிக் கிடைத்தவைதான். ஒருவரிடம் எவ்வளவு அளந்தார்கள் என்பதும் கணக்கில் சேரும். சிக்கல், ஆளுக்கு ஆள் உள்ள நுட்பமான வித்தியாசத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துத் தேடும்போதுதான்.

இனி ஆய்வகத்துக்குள் வருவோம். வெளியே இருப்பவர்கள் பார்க்கவே வாய்ப்பில்லாத இடம், ஆய்வுக் குழுவின் வாராந்திரக் கூட்டம். ஓர் ஆய்வு மாணவி எழுந்து, ஒப்பிட்ட இரண்டு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் எதுவும் இல்லை என்று வரைபடத்தைக் காட்டுகிறார். அறையில் உற்சாகம் வடிகிறது. அப்புறம் ஒவ்வொருவராகத் தொடங்குவார்கள். "அந்த ரெண்டு பேர் ரொம்ப விலகியிருக்காங்களே, எடுத்துட்டுப் பாருங்க." "பெண்களை மட்டும் பிரிச்சுப் பார்த்தீங்களா?" "மருந்து சாப்பிடாதவங்களை மட்டும்?" "இடது அமிக்டலாவைத் தனியா எடுத்தா?" "ஸ்மூத்திங் எட்டு மில்லிமீட்டருக்குப் பதிலா ஆறு வெச்சா?" (அமிக்டலா என்பது உணர்ச்சிகளோடு தொடர்புள்ள ஒரு சிறிய மூளைப் பகுதி; ஸ்மூத்திங் என்பது இரைச்சலைக் குறைக்க ஸ்கேன் படத்தைச் சற்று மங்கலாக்குவது.) ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமான கேள்விதான். சில நாளில் ஏதோ ஒரு மூலையில் பி மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு தெரிவதற்கான வாய்ப்பு, வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே இறங்கிவிடும். கட்டுரையின் முன்னுரை, இடது அமிக்டலாவைத் தேடித்தான் முதலிலிருந்தே கிளம்பினோம் என்பது போல எழுதப்படும்.

இங்கே யாரும் பொய்த் தரவு உருவாக்கவில்லை. எல்லாரும் உழைப்பாளிகள். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது வழிகளில் முயன்றால், உண்மையில் எதுவுமே இல்லாதபோதும் குறைந்தது ஒன்று தேறிவிட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அச்சில் வருவது அந்த ஒன்று மட்டும். மற்ற பத்தொன்பதைப் பற்றி வாசகருக்குத் தெரிய வழியே இல்லை.

ஸ்கேன் தரவில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் தேர்வுகள் ஏராளம். 2020-இல் வெளியான ஒரு முயற்சியில் ஒரே ஸ்கேன் தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை. சில கருதுகோள்களில் பெரும்பாலோர் ஒத்துப்போனாலும், ஐந்தில் கணிசமாகப் பிரிந்தார்கள். இத்தனைக்கும் எந்த முடிவு வந்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. முனைவர் பட்டமும் வேலையும் ஒரு முடிவைச் சார்ந்திருக்கிற மாணவியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

"வித்தியாசம் இல்லை" என்பதையே கட்டுரையாக எழுத வேண்டியதுதானே என்று கேட்கலாம். எழுதலாம், எங்கே போடுவது? ஆய்விதழ்கள் புதுமை கேட்கின்றன. வேலைக்கான தேர்வுக் குழுக்களோ நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைச் சலித்தெடுக்க ஒரு குறுக்குவழி தேடுகின்றன. இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண் அதற்கு வசதியாகக் கிடைத்தது. அது ஒரு இதழின் சராசரி மேற்கோள் கணக்கு. இதழ்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க யூஜின் கார்ஃபீல்டு உருவாக்கியது. தனி ஆய்வாளரின் தகுதியை அதை வைத்து அளக்கக்கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டோரா அறிக்கை சொல்கிறது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டுள்ளன. கையெழுத்திட்ட இடங்களிலும் "எந்த ஜர்னல்ல வந்துச்சு?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

வெளியீட்டுச் செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்குப் பணம் தருவது பெரும்பாலும் பொதுமக்களின் வரி. கட்டுரை எழுதுபவருக்கும் மதிப்பிடுபவருக்கும் இதழ் பணம் தருவதில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரை எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டுமானால் ஆய்வாளர் கட்டணம் கட்ட வேண்டும். இப்படி இலவசமாகத் திறந்து வைப்பதற்கு நேச்சர் இதழ் முதலில் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. எங்கள் துறையின் முக்கிய இதழான நியூரோஇமேஜில் அது 3,450 டாலராக இருந்தது. குறைக்கச் சொல்லிப் பலனில்லாமல் 2023-இல் அதன் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாக விலகி, இமேஜிங் நியூரோசயன்ஸ் என்ற லாபநோக்கற்ற இதழைத் தொடங்கினார்கள். நான் பார்த்தவற்றில் மிகவும் நம்பிக்கை தந்த கூட்டு முடிவு அது. கட்டுரைக்குக் கட்டுரை காசு என்றாகிவிட்டால் வேறு மாதிரிச் சரக்கும் உள்ளே வரும். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கும் அதிகமான கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரித்துத் தரும் கும்பல்களின் கைவரிசை அதில் பெரும்பங்கு.

அப்பட்டமான மோசடி பற்றிய செய்திகள்தான் அதிகம் பேசப்படுகின்றன. அல்சைமர் நோயில் அமிலாய்டு என்ற புரதத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு முக்கியப் பங்கு இருப்பதாக 2006-இல் நேச்சரில் வந்த கட்டுரையின் படங்கள் மீது 2022-இல் சந்தேகம் எழுந்தது. 2024-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அது பெரிய சேதம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நான் மேலே சொன்ன வாராந்திரக் கூட்டம் அன்றாடம் நடக்கிறது. அதைப் பிடிக்க எந்தப் படச் சோதனையும் உதவாது.

நிதி தரும் முறையும் துணிச்சலை ஊக்குவிப்பதில்லை. புதிய யோசனைக்குப் பணம் கேட்டால் முன்னோட்டத் தரவு கேட்பார்கள். அந்தத் தரவை எடுக்கவே பணம் வேண்டும். கொரோனா தடுப்பூசிக்கு வழிவகுத்த எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்காக 2023-இல் நோபல் பரிசு பெற்ற கேத்தலின் காரிகோவின் விண்ணப்பங்கள் 1990-களில் தொடர்ந்து நிராகரிக்கப்பட்டன, பதவியும் இறக்கப்பட்டது. போட்டியில் வீணாகும் உழைப்போ மலைக்க வைக்கும்: 2012-இல் ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதச் செலவான நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது அது சுமார் 550 ஆண்டு வேலை. பணம் கிடைத்தது ஐந்தில் ஒரு விண்ணப்பத்துக்கு. தகுதிச் சோதனையில் தேறியவற்றுக்குள் குலுக்கல் போடும் முறையை நியூசிலாந்து ஒரு திட்டத்தில் 2013-இலேயே கொண்டுவந்தது. எனக்கு அதில் உடன்பாடு உண்டு. நல்ல விண்ணப்பங்களுக்குள் நூலிழை வித்தியாசம் பார்ப்பதைவிட அது நேர்மையானது.

எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது பதிவுசெய்த ஆய்வறிக்கை என்ற முறையில். ஸ்கேன் தொடங்குவதற்கு முன்பே கேள்வி, ஆள் எண்ணிக்கை, அலசும் வழி எல்லாவற்றையும் இதழுக்கு அனுப்ப வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதைத் திருத்தி ஏற்றுக்கொண்டால், திட்டப்படி செய்த ஆய்வின் முடிவு எதுவானாலும் இதழ் வெளியிடும். 2013-இல் கார்டெக்ஸ் இதழ் இதைத் தொடங்கியது; இப்போது 300-க்கும் மேற்பட்ட இதழ்கள் ஏற்கின்றன. உளவியலில் எடுத்த ஓர் ஒப்பீடு, வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் தங்கள் கருதுகோள் சரி என்று சொன்னதையும், பதிவுசெய்த அறிக்கைகளில் அது 44 சதவீதமாக இருந்ததையும் காட்டியது. அந்த இடைவெளியில்தான் அழுத்தம் என்ன செய்கிறது என்பது தெரிகிறது. அந்த மாணவி இந்த வழியில் போயிருந்தால், "வித்தியாசம் இல்லை" என்ற நாளில் அவர் கட்டுரை ஏற்கனவே ஏற்கப்பட்டிருக்கும்.

நோயாளிகளின் குடும்பத்தினர் செய்தித் துணுக்குகளோடு வந்து, இந்தப் பகுதியைத் தூண்டினால் குணமாகுமா, இந்த ஸ்கேன் எடுத்தால் நோய் தெரியுமா என்று கேட்கிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்துக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்வது: எத்தனை பேர் என்று பாருங்கள். வேறொரு குழு, வேறு ஆட்களை வைத்து அதையே கண்டதா என்று பாருங்கள். எலியிலா, மனிதரிலா என்று பாருங்கள். ஒரே ஒரு ஆய்வை நம்பி மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். சிகிச்சை வழிகாட்டுதல்களில் அது இடம்பெற்றிருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வகம் தேடுபவர்களுக்கும் ஒரு யோசனை. பேராசிரியரிடம் எத்தனை பேப்பர், எந்த ஜர்னல் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசியாக இங்கே எதிர்பார்த்தபடி வராத ஆய்வு எது, அதை எங்கே வெளியிட்டீர்கள் என்று கேளுங்கள். அதைச் செய்த மாணவரிடம் தனியாகவும் பேசிவிட்டு அப்புறம் சேருங்கள்.