செருப்பைக் கழற்றுங்க, ரெண்டு காலையும் பார்க்கணும்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சள் பயிர் போட்டிருந்த ஒரு பெரியவர். பல வருடமாகச் சர்க்கரை. மூன்று நாள் காய்ச்சல் என்று வந்தார். தொண்டையைப் பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன், மாத்திரை எழுதினேன். வேட்டி கணுக்கால் வரை இறங்கியிருந்தது. காலைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மறுபடி வந்தபோது, அவருக்கு முன்னால் வாடை அறைக்குள் வந்துவிட்டது. வலது பாதத்தின் அடியில், சுண்டுவிரலுக்குக் கீழே, முள் ஒன்று முறிந்து உள்ளேயே கிடந்தது. "வலியே இல்லீங்களே டாக்டர், அதனாலதான் சொல்லலீங்க" என்றார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் சொல்லாதது குற்றமே இல்லை. நான் பார்க்காததுதான் குற்றம்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் காலைச் சுலபத்தில் காட்ட மாட்டார்கள். "உங்க கையில எங்காலத் தொடறதாவது, வேண்டாங்க சாமி" என்று இழுத்துக்கொள்வார்கள். அதில் மரியாதை பாதி. பித்தவெடிப்பும் தோட்டத்து மண்ணும் தெரிகிறதே என்ற கூச்சம் பாதி. அதனால் இப்போது நானே முக்காலியில் கீழே உட்கார்ந்து, அவர்கள் பாதத்தை என் தொடைமேல் எடுத்து வைத்துக்கொள்கிறேன். எப்போதும் இரண்டு கால்களையும் சேர்த்துத்தான். வலி இருக்கிற காலை மட்டும் பார்த்தால் எது இயல்பு என்று தெரியாது. இன்னொரு கால்தான் அளவுகோல்.

நிறம், நகம், விரலிடுக்கு, குதிகால் பார்த்தபின் புறங்கையால் முழங்காலிலிருந்து கீழே தடவி வருவேன். ஒரு கால் மட்டும் குளிர்ந்திருந்தால் நாடியைத் தேட வேண்டும்: பாதத்தின் மேற்புறத்தில் ஒன்று, உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒன்று. திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்தால் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்கினால்தான் காலைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் பக்கம் யோசிப்போம். சில பிரஷர் மாத்திரைகளாலும் வீங்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் டேப் வைத்து அளப்பேன். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் ரத்தக்கட்டியா என்று பார்க்க அன்றைக்கே ஸ்கேன்.

சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை வைத்திருக்கிறேன். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். கண்ணை மூடச் சொல்லி, தொடும்போது சொல்லுங்கள் என்பேன். ஒரு அம்மா பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "இன்னும் ஆரம்பிக்கலீங்களா?" என்று கேட்டார். அதற்குள் ஆறு இடத்தில் தொட்டு முடித்திருந்தேன். அவர் மகளின் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

கையையும் விடக்கூடாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கிறவர்கள் "ராத்திரி விரலெல்லாம் மதமதன்னு ஆகுதுங்க, உதறினா சரியாகுது" என்பார்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. கட்டைவிரல் அடிச்சதை வற்றும்வரை காத்திருந்தால் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். உணர்ச்சியில்லாத வெளிர்த் தேமல் இருந்தால் முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். தொழுநோயாக இருந்தாலும் முழுக்கக் குணமாகும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிற சர்க்கரை நோயாளிகளை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போகவேண்டாம் என்று நான் சொல்வதில்லை. மாலை போடும் முன் வந்து பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் பாதத்துக்குப் பொருந்திய காலணி போட்டு நடங்கள். மதியத் தார்ரோட்டில் வெறுங்கால் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பண்ணாரியில் குண்டம் இறங்குவதை, அதாவது தீ மிதிப்பதை, உணர்ச்சி குறைந்தவர்கள் விட்டுவிடத்தான் வேண்டும். இரவு தங்குகிற இடத்தில் கூட வருகிறவர் செல்போன் வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும் பார்க்கட்டும். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அசதிக்குச் சுடுதண்ணீரில் கால் வைக்கவும் வேண்டாம். கழுவுகிற தண்ணீரின் சூட்டைக்கூட வீட்டுக்காரம்மா கைவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.