ஷேர் ஃபோல்டர் திறக்க அரை நிமிடமா?

"நெட்வொர்க் ரொம்ப ஸ்லோ" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: சர்வரில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஷேர் ஃபோல்டர் திறக்கவே நேரமாகிறதா, திறந்த பிறகு ஃபைல் காப்பி ஆக நேரமாகிறதா? இரண்டும் வேறு வேறு கோளாறு.

காப்பிதான் ஊர்கிறது என்றால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். அப்போது நொடிக்கு 12 மெகாபைட்டைத் தாண்டாது. விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டர் ஸ்டேட்டஸைத் திறந்தாலே இணைப்பின் வேகம் தெரியும். ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல்கள் என்றால் நல்ல கேபிளிலும் இழுக்கத்தான் செய்யும். ஜிப் செய்து அனுப்புங்கள்.

முதல் தடவை மட்டும் இருபது, முப்பது நொடி நின்றுவிட்டு, அப்புறம் மளமளவென்று ஓடுகிறதா? இங்கேதான் பலர் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சைப் புதிதாக வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள். சுவிட்ச் மேல் பழியில்லை. பதில் வராத யாரையோ உங்கள் கணினி கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறது.

யாரை என்று கண்டுபிடிக்க, கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, சர்வர் பெயருக்குப் பதிலாக அதன் எண் முகவரியை, அதாவது ஐபி முகவரியை அடித்துத் திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால், பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் மேல்தான் சந்தேகம். இன்டர்நெட் சரியாக வரட்டும் என்று யாரோ கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-ஐப் போட்டு வைத்திருப்பார்கள். உங்கள் அலுவலக சர்வரின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? அங்கே கிடைக்காத பெயரை விண்டோஸ் உள் நெட்வொர்க்கில் கூவிக் கூவித் தேடும். நேரம் அங்கே போகிறது. உள் டிஎன்எஸ் சர்வர் இருந்தால் கணினிகளில் அதை மட்டும் கொடுங்கள். வெளியே கேட்க வேண்டியதை அது கேட்டுக்கொள்ளும்.

ஐபியிலும் அதே தாமதமா? கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் (net use) என்று அடியுங்கள்; மேப் ஆன, அதாவது டிரைவ் எழுத்தோடு இணைத்து வைத்த, ஷேர் ஃபோல்டர்கள் தெரியும். என்றோ கழற்றி வைத்த சர்வருக்கு இசட் டிரைவ் இன்னும் மேப் ஆகியிருக்கும். எக்ஸ்ப்ளோரர் அந்தக் கதவைத் தட்டிவிட்டு நிற்கும். அந்த மேப்பைத் தூக்கிவிடுங்கள். டெஸ்க்டாப் ஷார்ட்கட்களிலும் குவிக் ஆக்சஸிலும் இதே மாதிரி செத்த முகவரிகள் ஒளிந்திருக்கும். ஃபயர்வாலையும் மறக்க வேண்டாம்: ஃபைல் பகிர்வுக்கான 445 போர்ட்டுக்கு வருவதை 'முடியாது' என்று திருப்பாமல் அப்படியே விழுங்கினால், கணினி கடைசி நொடிவரை காத்திருக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'எஸ்எம்பி1-ஐ ஆன் செய்தால் சரியாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். விண்டோஸ் ஃபைல்களைப் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய பதிப்பு அது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸிலிருந்து கழற்ற ஆரம்பித்தது. நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல்களைச் சேமிக்கும் உங்கள் பழைய நாஸ் (NAS) பெட்டிக்கு எஸ்எம்பி1 மட்டும்தான் தெரியும் என்றால் அதன் உள் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையா, உள்ளே இருப்பதை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுப் பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள்.